ஷேர்டு ஹோஸ்டிங்கில் பி.டி.ஆர். சிக்கல்: எங்கே பார்ப்பது, யாரிடம் கேட்பது

ஏற்காட்டில் ஒரு ஹோம்ஸ்டே. வெப்சைட்டில் ரூம் புக் செய்தால் உறுதி மெயில் தானாகப் போக வேண்டும். போகவில்லை. "தம்பி, பெங்களூர்க்காரங்க மெயிலே வரலைங்கறாங்க, என்னன்னு கொஞ்சம் பாருங்க" என்று ஓனர் போன் போடுகிறார். சேலத்தில் வெப்சைட் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களிடம் சீக்கிரமே வந்து சேரும் புகார் இது. செவ்வாய்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறையோ, ஜவ்வரிசி மில்லோ, மலைமேல் இருக்கும் காபி எஸ்டேட்டோ, கதை ஒன்றுதான். விலை குறைந்த ஷேர்டு ஹோஸ்டிங் (ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்வது), அதிலேயே வெப்சைட், அதிலேயே மெயில்.

திரும்பி வந்த மெயிலைத் திறந்தால் 550 5.7.25 என்று ஒரு எண் இருக்கும். மெயில் அனுப்பிய ஐ.பி.க்கு (இணையத்தில் அந்த சர்வரின் எண்) பி.டி.ஆர். ரெக்கார்டு (அந்த எண்ணுக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) இல்லை, அல்லது அந்த ரெக்கார்டில் உள்ள பெயர் அதே ஐ.பி.க்குத் திரும்பி வரவில்லை என்பதுதான் அதன் பொருள். இதைப் படித்ததும் புதியவர்கள் நேராக டொமைன் வாங்கிய இடத்துக்குப் போய், டி.என்.எஸ். (பெயரையும் ஐ.பி.யையும் இணைக்கும் பதிவேடு) பேனலைத் திறந்து, அங்கே ஒரு பி.டி.ஆர். ரெக்கார்டைச் சேர்த்துவிட்டு மறுநாள் வரை காத்திருக்கிறார்கள். சில பேனல்கள் அதை ஏற்றுக்கொண்டு பச்சை டிக் கூடக் காட்டும். ஆனால் அதை உலகத்தில் யாரும் கேட்கப் போவதில்லை.

ஏன் என்று முதலில் பார்த்துவிடலாம். பெயரிலிருந்து ஐ.பி. கண்டுபிடிப்பது வழக்கமான தேடல். அதற்கு விடை உங்கள் டொமைனின் டி.என்.எஸ். பேனலில் இருக்கிறது. ஐ.பி.யிலிருந்து பெயர் கண்டுபிடிப்பது ரிவர்ஸ் தேடல். அதற்கு விடை வேறொரு மரத்தில் இருக்கிறது. 192.0.2.25 என்ற எண்ணைத் தலைகீழாக்கி, பின்னால் ஒரு வால் சேர்த்து, 25.2.0.192.இன்-அட்ர்.ஆர்ப்பா என்ற பெயராகக் கேட்பார்கள். அந்த மரம் உச்சியில், ஐ.பி. எண்களை உலக அளவில் பகிர்ந்தளிக்கும் ஐயானாவிடம் தொடங்குகிறது. ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு ஏப்னிக், அமெரிக்காவுக்கு ஆரின், ஐரோப்பாவுக்கு ரைப் என்று பிரிந்து, கடைசியில் அந்த ஐ.பி. தொகுதியை வைத்திருக்கும் நிறுவனத்தின் கைக்கு வருகிறது. ஹோஸ்டிங் கம்பெனி, அல்லது அவர்களுக்கு இடம் கொடுத்த டேட்டா சென்டர். டொமைன் உங்களுடையது, ஐ.பி. அவர்களுடையது. எனவே பி.டி.ஆர். எழுதும் உரிமையும் அவர்களுடையதுதான்.

அடுத்த தவறான எண்ணத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். "பி.டி.ஆர்.ல நம்ம வெப்சைட் பேர்தானே வரணும்?" வேண்டியதில்லை. ஷேர்டு சர்வரில் ஒரே ஐ.பி.யில் நூற்றுக்கணக்கான வெப்சைட்டுகள் இருக்கலாம். பத்துக் கடைகள் உள்ள ஒரு காம்ப்ளெக்ஸின் வாசலில் காம்ப்ளெக்ஸ் பெயர்தான் இருக்கும், மூன்றாவது மாடி டெய்லர் கடைப் பெயர் இருக்காது. அதனால் டெய்லருக்குத் தபால் வராமல் போவதில்லை. அதுபோல இங்கே சர்வரின் பெயர் ஒன்று இருந்தால் போதும். ஒரே ஐ.பி.க்குப் பல பி.டி.ஆர். போட டி.என்.எஸ். விதிகளில் தடை இல்லை என்றாலும் போடாமலிருப்பதே நல்லது. எது திரும்பி வருமோ தெரியாது.

மெயில் வாங்கும் சர்வர் பார்ப்பது இரண்டே விஷயம். ஐ.பி.க்குப் பெயர் இருக்கிறதா? அந்தப் பெயர் அதே ஐ.பி.க்குத் திரும்புகிறதா? மெயில் அனுப்பும்போது ஹெலோ கட்டளையில் சர்வர் தன் பெயராகச் சொல்வதும் இதே பெயராக இருந்தால் இன்னும் நல்லது. இது புது ஏற்பாடு இல்லை. இரண்டும் பொருந்த வேண்டும் என்று 1996-இல் வந்த ஆர்.எஃப்.சி. 1912 (இணைய நடைமுறைகளைச் சொல்லும் ஆவண வரிசையில் ஒன்று) சொல்லிவிட்டது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் எல்லா அனுப்புநர்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

முதல் வேலை: பவுன்ஸ் மெயிலைக் கண்டுபிடியுங்கள்

"மெயில் போகவில்லை" என்று ஓனர் சொல்வதை மட்டும் வைத்து எதையும் தொடாதீர்கள். பவுன்ஸ் மெயிலின், அதாவது திரும்பி வந்த மெயிலின், முழு வாசகம் வேண்டும். வெப்சைட் படிவத்திலிருந்து போகும் மெயில் பெரும்பாலும் சிபேனல் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பேனல்) யூசர் பெயரில் கிளம்புகிறது. அதனால் பவுன்ஸும் ஓனரின் இன்பாக்ஸுக்கு வராமல் அந்த யூசரின் மெயில்பாக்ஸில் போய்க் குவிந்து கிடக்கும். அங்கே ஒரு முறை எட்டிப் பார்த்தால் பல மாதக் குவியல் இருக்கலாம். அதில் இல்லையென்றால் சிபேனலில் டிராக் டெலிவரி என்ற பக்கத்தில் தோல்வியான மெயிலின் விவரம் இருக்கும்.

எண்ணைக் கவனமாகப் படியுங்கள். 5.7.25 என்றால் ரிவர்ஸ் தேடல் சிக்கல். 5.7.26 என்றால் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் (மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்கும் ஏற்பாடுகள்) பக்கம் சிக்கல். ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் மருந்து முற்றிலும் வேறு. 26 வருவதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. படிவத்தை நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநர் முகவரியாகப் போட்டு மெயில் விடுவது. அது உங்கள் வெப்சைட்டில் நீங்களே சரிசெய்ய வேண்டியது. ஹோஸ்டிங் கம்பெனியைக் கேட்டுப் பயனில்லை.

சில சர்வர்கள் இந்த 550 எண்ணைக் கொடுக்காமல் "உங்கள் ஹோஸ்ட்நேமைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி கொடுக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளைப் பயன்படுத்தும் இடங்களில் இது 450 என்று தொடங்கும். 4-இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு. உங்கள் சர்வர் மறுபடி மறுபடி முயன்று கொண்டிருக்கும். அதனால்தான் சில மெயில்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்று, கடைசியில் திரும்பி வருகின்றன.

இரண்டாவது வேலை: சரியான ஐ.பி. எது?

இந்த இடத்தில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். தப்பான ஐ.பி.யைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் சோதிப்பவர்கள்தான் அதிகம்.

வெப்சைட் பெயரை பிங் செய்தால் வரும் ஐ.பி.யை நம்பாதீர்கள். கிளவுட்ஃப்ளேர் (வெப்சைட்டுக்கு முன்னால் நிற்கும் இடைச் சேவை) போட்டிருந்தால் அது கிளவுட்ஃப்ளேரின் ஐ.பி. போடாவிட்டாலும், வெப்சைட் ஒரு ஐ.பி.யில் இருக்க, மெயில் வேறொரு ஐ.பி. வழியாக வெளியேறும்படி ஹோஸ்டிங் கம்பெனி அமைத்திருக்கலாம். பல கம்பெனிகள் வெளியே போகும் மெயிலை எல்லாம் ஸ்பேம் வடிகட்டும் தனி ரிலே சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்துதான் விடுகின்றன. அப்போது சிபேனலில் வலது பக்கம் காட்டும் ஷேர்டு ஐ.பி.க்கும் மெயிலுக்கும் சம்பந்தமே இல்லை. எம்எக்ஸ் ரெக்கார்டையும் பார்க்காதீர்கள். அது மெயில் உள்ளே வரும் வழி. நமக்கு வேண்டியது வெளியே போகும் வழி.

பவுன்ஸ் வாசகத்திலேயே பெரும்பாலும் சதுர அடைப்புக்குள் ஐ.பி. இருக்கும். ஜிமெயில் தரும் 5.7.25 வரியில் எண்ணுக்கு அடுத்தபடியாகவே இருக்கும். அதுதான் உண்மையான ஐ.பி. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அது கிடைக்கவில்லை, ஆனால் சில மெயிலாவது போய்ச் சேர்கிறது என்றால், உங்கள் ஜிமெயில் முகவரிக்கு ஒன்று அனுப்பி, மூன்று புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" கொடுங்கள். ரிசீவ்ட் என்று தொடங்கும் பல வரிகள் வரும். மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே 2002: என்று தொடங்கும் முகவரியோடு ஒரு வரி இருக்கும். அது கூகுளின் உள்விவகாரம், விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே கூகுளின் எம்எக்ஸ் சர்வர் வாங்கிய வரி, ஏறக்குறைய இப்படி:

ரிசீவ்ட்: ஃப்ரம் சர்வர்7.ஹோஸ்ட்.எக்ஸாம்பிள் (சர்வர்7.ஹோஸ்ட்.எக்ஸாம்பிள். [192.0.2.25]) பை எம்எக்ஸ்.கூகுள்.காம்

முதலில் இருப்பது சர்வர் ஹெலோவில் சொன்ன பெயர். அடைப்புக்குள் இருப்பது கூகுள் தானே ரிவர்ஸ் தேடிக் கண்டுபிடித்த பெயர். சதுர அடைப்பில் ஐ.பி. தேடல் தோற்றிருந்தால் அடைப்புக்குள் பெயர் இருக்காது, எண் மட்டும் இருக்கும். (192.0.2.25 என்பதும் எக்ஸாம்பிள் என்று முடியும் பெயரும் பாடத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அப்படியே அடித்துப் பார்த்துவிட்டு "வரலையே" என்று கேட்க வேண்டாம்.)

அதற்கும் கீழே உள்ள வரிகளில் சேலத்து ஆபீஸின் பிராட்பேண்ட் ஐ.பி.யோ, ஏற்காட்டு ஓனரின் மொபைல் நெட்வொர்க் ஐ.பி.யோ தெரியலாம். அவுட்லுக்கில் பாஸ்வேர்டு போட்டு அனுப்பிய மெயிலில் அப்படித்தான் இருக்கும். அதற்கு பி.டி.ஆர். இல்லை என்று பிராட்பேண்ட் கம்பெனிக்குப் போன் போடாதீர்கள். வாங்கும் சர்வர் தன் கதவைத் தட்டிய ஐ.பி.யைத்தான் சோதிக்கிறது.

மூன்றாவது வேலை: இரண்டு பக்கமும் கேளுங்கள்

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, என்எஸ்லுக்அப் என்று அடித்து, ஒரு இடம் விட்டு ஐ.பி.யை அடியுங்கள். முதல் இரண்டு வரியில் "சர்வர்: அன்னோன்" என்றும் 192.168 என்று தொடங்கும் முகவரியும் வந்தால் பயப்பட வேண்டாம். அது உங்கள் மேஜைக்குப் பக்கத்தில் இருக்கும் ரவுட்டரின் ஐ.பி.க்குப் பெயர் இல்லை என்று சொல்கிறது. அது யாருக்கும் தேவையில்லாத செய்தி. அதற்குக் கீழே வருவதுதான் விடை.

லினக்ஸிலோ மேக்கிலோ டிக் கட்டளைக்குப் பின் -எக்ஸ் போட்டு ஐ.பி. கொடுக்கலாம். கையில் போன் மட்டும் இருக்கிறதா? கூகுள் அட்மின் டூல்பாக்ஸில் உள்ள டிக் பக்கத்தில் பி.டி.ஆர். என்பதைத் தேர்ந்தெடுத்துக் கேட்கலாம். மலைப்பாதையில் பாதி வழியில் போன் வந்தால் எனக்கு அதுதான் கைகொடுக்கிறது, சிக்னல் இருந்தால்.

பெயர் ஒன்று வந்தால், அந்தப் பெயரை எடுத்து மறுபடி என்எஸ்லுக்அப்பில் கேளுங்கள். அதே ஐ.பி. வந்தால் இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது. ரிவர்ஸ் பக்கம் குற்றமில்லை, வேறு இடத்தில் தேடுங்கள். வேறு ஐ.பி. வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ, பாதி வேலைதான் நடந்திருக்கிறது. சர்வரைப் புது ஐ.பி.க்கு மாற்றியபோது ஒரு பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு மறந்த இடங்களில் இது நடக்கும். சர்வர் பெயரையே கிளவுட்ஃப்ளேரின் ஆரஞ்சு மேகத்துக்குப் பின்னால் வைத்தாலும் இதே கோளாறுதான். பெயர் கிளவுட்ஃப்ளேர் ஐ.பி.யைக் காட்டும், மெயில் வேறு ஐ.பி.யிலிருந்து போகும்.

பெயரே வரவில்லையென்றால், எப்படி வரவில்லை என்பதைப் பாருங்கள். "நான்-எக்ஸிஸ்டென்ட் டொமைன்" என்றால் பி.டி.ஆர். எழுதப்படவே இல்லை. "சர்வர் ஃபெயில்ட்" என்றால் விஷயம் கொஞ்சம் பெரியது. ரிவர்ஸ் ஸோனை (அந்த ஐ.பி. தொகுதியின் பி.டி.ஆர். பதிவுகள் இருக்கும் பகுதி) பொறுப்பேற்க வேண்டிய டி.என்.எஸ். சர்வருக்கு அந்த ஸோன் தெரியவில்லை, அல்லது மேலிடத்தில் கொடுத்த பொறுப்பும் கீழே உள்ள அமைப்பும் ஒத்துப்போகவில்லை. "டைம்டு அவுட்" என்றால் உடனே முடிவு கட்ட வேண்டாம். கட்டளையின் கடைசியில் 8.8.8.8 சேர்த்து ஒரு முறை, 1.1.1.1 சேர்த்து ஒரு முறை கேளுங்கள். அங்கே விடை வந்தால் உங்கள் லோக்கல் லைனில்தான் தகராறு.

டிக்கில் பார்ப்பவர்களுக்கு நடுவில் ஒரு சிநேம் வரி (வேறொரு பெயருக்குத் திருப்பிவிடுவது) வந்து, பிறகு பி.டி.ஆர். வரலாம். 256-க்கும் குறைவான ஐ.பி. வைத்திருப்பவர்களுக்கு ரிவர்ஸ் பொறுப்பைப் பிரித்துக் கொடுக்கும் முறை அது. தப்பு இல்லை.

பெயர் வருகிறது, ஆனால் 25-2-0-192.ஸ்டாட்டிக் என்ற மாதிரி எண்களையே கோத்த பெயர். விதிப்படி இது சரிதான். ஆனாலும் சில மெயில் சர்வர்கள் இதை வீட்டு பிராட்பேண்ட் என்று நினைத்து முகம் சுளிக்கும். மாற்றச் சொல்லிக் கேட்பது நல்லது.

ஐ.பி.வி.6 என்ற ஒளிந்திருக்கும் ஆள்

"சில மெயில் போகுது, சில மெயில் போகலை, ஒரே ஜிமெயிலுக்குத்தான்" என்று யாராவது சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சர்வருக்கு ஐ.பி.வி.4 (பழைய வகை), ஐ.பி.வி.6 (புது வகை) என்று இரண்டு முகவரியும் இருந்து, பழைய முகவரிக்கு மட்டும் பி.டி.ஆர். எழுதியிருப்பார்கள். ஐ.பி.வி.6 வழியாகக் கிளம்பும் மெயில் அடி வாங்கும். பவுன்ஸில் உள்ள ஐ.பி. புள்ளிகளுக்குப் பதில் கோலன் போட்டு நீளமாக இருந்தால் இதுதான் விஷயம். அந்த முகவரிக்கும் பி.டி.ஆர்., அந்தப் பெயருக்கு ஏ.ஏ.ஏ.ஏ. ரெக்கார்டு (பெயரிலிருந்து ஐ.பி.வி.6 முகவரியைக் காட்டுவது), இரண்டும் கேளுங்கள். முடியாதென்றால் மெயிலை ஐ.பி.வி.4 வழியாக மட்டும் அனுப்பச் சொல்லுங்கள்.

நான்காவது வேலை: டிக்கெட் எழுதுவது

சிபேனலில் ஈமெயில் டெலிவரபிலிட்டி என்ற பக்கம் பி.டி.ஆர். நிலையைக் காட்டும். காட்டும், அவ்வளவுதான். ஷேர்டு கணக்கிலிருந்து அதைத் திருத்த முடியாது. ஹோஸ்டிங் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு டிக்கெட் எழுதுவதுதான் வழி.

"மெயில் போகவில்லை, சரிசெய்யவும்" என்று ஒரு வரி எழுதினால், பாஸ்வேர்டு மாற்றிப் பாருங்கள் என்று ஒரு வரி பதில் வரும். முதல் டிக்கெட்டிலேயே எல்லாம் இருக்கட்டும். மெயிலை அனுப்பிய ஐ.பி., பவுன்ஸின் முழு வாசகம் (படமாக வேண்டாம், எழுத்தாக), நீங்கள் இரண்டு பக்கமும் தேடியதில் வந்த விடைகள், மெயில் அனுப்பிய நேரம். நேரம் எழுதும்போது இந்திய நேரம் என்று குறிப்பிடுங்கள். அவர்களுடைய லாக் யூ.டி.சி.யில் இருந்தால் ஐந்தரை மணி நேரம் தள்ளித் தேடிவிட்டு "அப்படி எந்த மெயிலும் இல்லை" என்பார்கள். கடைசியாகக் கோரிக்கை: இந்த ஐ.பி.க்கு சர்வரின் ஹோஸ்ட்நேமைக் காட்டும் பி.டி.ஆர். எழுதவும், அந்த ஹோஸ்ட்நேம் இதே ஐ.பி.க்குத் திரும்பும்படி செய்யவும். ஹெலோவிலும் அதே பெயர் வரட்டும். உங்கள் வாடிக்கையாளரின் டொமைன் பெயரைப் போடச் சொல்லாதீர்கள். ஷேர்டு ஐ.பி.யில் அதைச் செய்ய மாட்டார்கள், டிக்கெட்டை அந்தக் காரணம் சொல்லி மூடிவிடுவார்கள்.

"பி.டி.ஆர். ரெக்கார்டை உங்கள் டி.என்.எஸ். ஸோனில் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தால் கோபப்படாமல், ரிவர்ஸ் ஸோன் எங்கள் கையில் இல்லை, நெட்வொர்க் டீமுக்கு அனுப்புங்கள் என்று எழுதுங்கள். உள்ளூர் ரீசெல்லரிடம் வாங்கியிருந்தால் பாதை இன்னும் நீளம். ரீசெல்லர் தன் ஹோஸ்டிங் கம்பெனியிடம், அவர்கள் டேட்டா சென்டரிடம். ஹூஇஸ் தேடலில் ஐ.பி. யாருடையது என்று பார்த்துவிட்டு நேரடியாக டேட்டா சென்டருக்கு எழுதத் தோன்றும். தங்களுடைய வாடிக்கையாளர் கேட்டால்தான் அவர்கள் செய்வார்கள். ஹூஇஸ் விவரத்தை ரீசெல்லருக்கு அனுப்புங்கள், யாரைக் கேட்பது என்று அவருக்காவது தெரியும்.

செய்துவிட்டோம் என்று பதில் வந்த பிறகும் பழைய விடையே வரலாம். டி.டி.எல். (விடையை எத்தனை விநாடி கேஷில் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்) 3600 என்றால் ஒரு மணி நேரம், 86400 என்றால் ஒரு நாள் பழைய விடை கேஷில் நிற்கும். "இல்லை" என்ற விடையும் கேஷில் நிற்கும். அதுவரை புது டிக்கெட் போடாதீர்கள்.

இதற்கிடையில் எஸ்.பி.எஃப். ரெக்கார்டில் பி.டி.ஆர். என்ற சொல்லைச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அப்படி ஒரு வசதி உண்டு, ஆனால் பயன்படுத்தக் கூடாது என்று 2014-இல் வந்த ஆர்.எஃப்.சி. 7208 சொல்கிறது. இந்தச் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பும் இல்லை.

ஹோஸ்டிங் கம்பெனி அசையவில்லை என்றால்

ஏற்காட்டில் சீசன் தொடங்கிவிட்டது, புக்கிங் மெயில் நிற்கிறது, டிக்கெட் தூங்குகிறது. அப்போது ஷேர்டு சர்வர் வழியாக மெயில் அனுப்புவதையே நிறுத்திவிடுங்கள். ஸோஹோ மெயில், கூகுள் வொர்க்ஸ்பேஸ் மாதிரி ஒன்றில் கணக்கு எடுத்து, வேர்ட்பிரஸில் எஸ்.எம்.டி.பி. பிளகின் போட்டு, அதன் வழியாக அனுப்புங்கள். அப்போது கதவைத் தட்டும் ஐ.பி. அவர்களுடையது, பி.டி.ஆர். கவலையும் அவர்களுடையது. எஸ்.பி.எஃப்.பில் அவர்களைச் சேர்ப்பதும் டிகிம் சாவி போடுவதும் மட்டும் உங்கள் வேலை. அவை உங்கள் டி.என்.எஸ். பேனலில்தான் இருக்கின்றன.

சொல்லப்போனால், நாலு அறை வைத்திருக்கும் ஹோம்ஸ்டேக்கு முதலிலேயே இதைத்தான் செய்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. டெடிகேட்டட் ஐ.பி. வாங்கி அதற்கு பி.டி.ஆர். போடலாமே என்பார்கள். போடலாம்தான். ஆனால் புது ஐ.பி.க்கு நல்ல பெயர் வர நாளாகும், மாதத்துக்குச் சில மெயில் அனுப்புபவருக்கு அது வீண் செலவு.

மெயில் அல்ல, வெப்சைட்டே மெதுவாக இருக்கிறதா?

ரிவர்ஸ் தேடல் இன்னொரு இடத்திலும் காலை வாரும். வருகையாளர் பதிவு எழுதும் பழைய பி.எச்.பி. நிரலில் கெட்ஹோஸ்ட்பைஅட்ர் என்ற ஃபங்ஷன் இருந்தால், ஒவ்வொரு வருகைக்கும் சர்வர் ரிவர்ஸ் தேடி, விடை வரும்வரை பக்கத்தை நிறுத்தி வைக்கும். விடை கிடைக்காத ஐ.பி.களுக்கு டைம் அவுட் ஆகும்வரை வெள்ளைத் திரைதான். அந்த வரியை எடுத்துவிட்டு ஐ.பி.யை மட்டும் பதிவு செய்யுங்கள். எச்.டி.ஆக்ஸஸ் கோப்பில் "ரிக்வயர் ஹோஸ்ட்" என்று பெயரை வைத்து அனுமதி கொடுத்திருந்தாலும் இதே தாமதம், அங்கே இரண்டு பக்கத் தேடலும் நடக்கும். பெயருக்குப் பதில் ஐ.பி. போடுங்கள்.

செக்யூரிட்டி பிளகின்களில் "போலி கூகுள்பாட்டைத் தடு" என்ற வசதி இருந்தால் அதையும் பாருங்கள். வந்த ஐ.பி.யை ரிவர்ஸ் தேடி, பெயர் கூகுள்பாட்.காம், கூகுள்.காம் போன்ற கூகுளின் சொந்த டொமைனில் முடிகிறதா, அது அதே ஐ.பி.க்குத் திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் கூகுளே சொல்லும் முறை. ஆனால் சர்வரின் டி.என்.எஸ். ரிசால்வர் (இந்தத் தேடல்களைச் செய்து கொடுப்பது) படுத்துவிட்டால் அசல் கூகுள்பாட்டும் போலியாகத் தெரிந்து தடைபடலாம். சர்ச் கன்சோலில் திடீரென்று 403 (அனுமதி மறுப்பு) பிழைகள் குவிந்தால் இந்த வசதியை அணைத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். குறைந்துவிட்டால் ரிசால்வரைப் பார்க்கச் சொல்லி ஒரு டிக்கெட், மேலே சொன்ன அதே முறையில்.